நான்காவது மிதவை

வாட்ச் என் கையில் இருந்தது.
அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஆடியில் கச்சான் வீசும்போது
வடகடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும்.
பிரப்பன்வலசையில் தொடங்கினோம்.
ஐந்து பேர், நான்கு பலகைகள்.
ஐந்தாவது நான்.
எட்டுக் கேன்களுக்குச் சிவப்பும் நீலமும் மாற்றி மாற்றி அடித்து
மணல் மூட்டை கட்டி இறக்கினோம்.
சிவப்புக்கு வலப்பக்கம், நீலத்துக்கு இடப்பக்கம்,
பலகையில் நின்றபடி துடுப்புப் போட்டு
நெளிந்து நெளிந்து போய்த் திரும்ப வேண்டும்.
ஒன்றை விட்டால் எல்லாம் போச்சு.

டெய்சி அக்கா போனில் ஒரு வீடியோ காட்டினார்:
எங்கள் வயதுப் பெண்கள்
மலையிலிருந்து பனியில் வழுக்கி வருகிறார்கள்,
கம்புகளுக்கு நடுவே, இடுப்பை ஒடித்து ஒடித்து.
"தோள் அசையுதா பாருங்கடி."
நாங்கள் தோளைப் பார்க்கவில்லை.
"அம்புட்டும் ஐஸா?" என்றாள் நம்புசெல்வி,
"அங்க மீனே கெடாதுல்ல."

அந்த ஞாயிறு வாலிநோக்கம் போனோம்.
ஃபஸ்லியாவின் மாமா லோடு ஏற்றும் உப்பளத்தில்
குவியலின் உச்சியிலிருந்து
உரச்சாக்கில் உட்கார்ந்து இறங்கினோம்.
முட்டி உரிந்த இடமெல்லாம் உப்பு.

முதல் பந்தயம் புதுச்சேரியில்.
தென்கடல் அலையே பெரிதென்று நினைத்திருந்தோம்.
ஜெனிட்டா மூன்று முறை விழுந்தாள்,
நான்காம் முறை நீந்திக் கரையேறினாள்.
பலகை அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தது.
நம்புசெல்வி ஒரு சிவப்பை விட்டாள்.
சிதம்பரம் வரை பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
அங்கே புரோட்டா சாப்பிட்டோம்,
பிறகு பேசினோம்.

ஐப்பசியில் காற்று மாறியது.
வாடை எழுந்து வடகடல் கலங்க,
தாழையும் சொறியும் கரையில் குவிய,
பலகைகளைக் குட்டியானையில் கட்டிக்கொண்டு
தென்கடல் போனோம், குந்துகால் பக்கம்.
டியூஷனுக்கு முன்னால், இருட்டில், ஒரு சுற்று.
அரைப்பரீட்சைக்கு நடுவில் தூத்துக்குடி.
ஷாலோமி ஆறாவது.
ஆறாவதுக்குச் சான்றிதழ் கிடையாதாம்.
அக்கா சண்டை போட்டு வாங்கினார்,
பெயரில் எழுத்துப்பிழையோடு.

கடைசிப் பந்தயம் மண்டபத்தில், சித்திரையில்.
தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தன.
அப்பாக்களுக்கு வேறு வேலை இல்லை.
முதல் முறையாக எல்லோரும் வந்தார்கள்,
நீரோட்டம் பற்றி ஆளுக்கொரு கருத்தோடு.
மிதவைகள் எங்களுடையவை,
இரவல் கொடுத்திருந்தோம்.

மூன்றாவது கேன் வரை ஃபஸ்லியாதான் வேகம்.
வாட்ச் என் கையில்.
நான்காவது, நீலம், நகர்ந்தது.
மூட்டை கழன்றுவிட்டது.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி
கேன் அதுபாட்டுக்கு வடக்கே போனது.
அவள் துரத்தினாள்.
முப்பது அடி, நாற்பது அடி,
விடாமல் போய், பிடித்து,
இடப்பக்கமாகவே சுற்றி வந்தாள்.
கரையே சிரித்தது.
அவள் வாப்பாவும் சிரித்தார், பிறகு நிறுத்தினார்.

நான்காவது இடம். நாலரை நொடி பின்னால்.

முறையீடு கொடுக்க ஆயிரம் ரூபாய்.
டீசல் காசு எழுநூறு,
மீதியை வாப்பா மடியிலிருந்து எடுத்தார்.
நடுவர்கள் அரைமணி நேரம் பேசி
சரி, மறுபடி வரட்டும் என்றார்கள்.
இந்த முறை கேன் அசையவில்லை.
அவளுக்குக் கை ஓய்ந்திருந்தது.
துரத்தியபோது ஆனதைவிட ஒரு நொடி கூடுதல்.
"நிக்கிற கேனச் சுத்துறதுல என்ன இருக்கு" என்றாள்,
உதட்டைக் கடித்துக்கொண்டு.

இரண்டு நேரத்தையும் நோட்டில் எழுதினேன்.
அந்த மூட்டையைக் கட்டியவள் யார் என்று எழுதவில்லை.

இதோ அடுத்த ஆடி.
சாயம் காய்ந்த கேன்கள் மணலில் வரிசையாக.
நான்காவதன் கயிற்றை எடுத்து
ஃபஸ்லியா என்னிடம்தான் நீட்டினாள்.
இரண்டு முடிச்சுப் போட்டேன்.
"மூணு போடு" என்றாள்.