வட்டம், புள்ளடி, வட்டம்

வட்டம் என்றால் அளந்தோம்.
புள்ளடி என்றால் ஏதோ செய்தோம்.
பிறகு இன்னொரு வட்டம்.
முன்மொழிவின் நாலாம் பக்கத்தில்
ஆய்வு வடிவம் இவ்வளவுதான்.

முந்தின திட்டத்தில் முதல் வட்டமும் இல்லை.
கோழிக்கூடு கொடுத்தோம்,
பிரயோசனமா என்று கேட்டோம்,
நூறு வீதம் என்று எழுதினோம்.
கூட்டை வாசலில் வைத்துக்கொண்டு
ஆர்தான் இல்லையென்பார்?

இம்முறை கேள்வி ஒன்றே ஒன்று:
போன கிழமை ஏழு இரவில்
எத்தனை இரவு நித்திரை கொண்டீர்கள்?

தை மாதம். குருமண்வெளித் துறையில்
மோட்டார் சைக்கிளோடு பாதையேறி
மண்டூரில் இறங்கி, வெல்லாவெளி கடந்து
வேளாண்மை பழுக்கும் நேரம் போய்ச் சேர்ந்தேன்.
இருபத்திரண்டு பெண்கள்.
ஊரில் ஆகக் குறைவாய் உறங்குபவர்களைக்
கிராம சேவகர் பொறுக்கி அனுப்பியிருந்தார்.
(அடிமட்டத்தில் நிற்பவர் அசைந்தால்
மேலேதான் அசைவார்.
இதையும் எழுதியிருக்க வேண்டும்.)

சராசரி இரண்டு தசம் மூன்று.
பதினேழாம் இலக்கம், நேசம்மா:
"வட்டம் போடு புள்ள.
முட்டை மாதிரி, பெரிசா."

பிறகு எட்டுக் கிழமை
பாலர் பாடசாலையில் பாய் விரித்து
மூச்சை எண்ணினார்கள்.
சிலர் அழுதார்கள். சிலர் தேத்தண்ணிக்கு வந்தார்கள்.
புள்ளடி.

சித்திரையில் நாலு தசம் எட்டு.
"ரெண்டு மடங்கு!" என்றார் ருக்ஷான் சேர்
கொழும்பிலிருந்து.
"வரைபடம் போடுங்கோ, நீல நிறத்தில்."

போட்டேன்.
போடும்போதே தெரிந்தது,
பங்குனியில் மின்வேலி வந்துவிட்டது.
வேளாண்மை வெட்டி முடிந்து
யானை வேறு காட்டுக்குப் போய்விட்டது.
கோமளத்தின் குடிகார மருமகன்
கட்டாருக்கு ஏறிவிட்டான்.
இராசமலர் சொன்னாள்:
"நீ கேட்டுப்போட்டுப் போனதுக்குப் பிறகுதான் கா
நான் ராவுகள எண்ணத் தொடங்கின.
எண்ணி எண்ணியே கண்ணயந்திரிக்கன்."

அந்தச் சின்னப் புள்ளடிக்குள்
எல்லாம் நெருக்கியடித்து நிற்கிறது:
பாய், மூச்சு, மின்கம்பி, விமானம்,
என் கேள்வியும்.

எழுவான்கரையில் ஓர் ஊரையும் சேர்ப்போம் என்று
தொடக்கத்திலேயே கேட்டேன்.
காசில்லை என்றார்கள்.
இருந்திருந்தாலும் என்ன,
அங்கே கடல். யானை இல்லை.
ஒரு கரைக்குச் சூரியன் எழும்,
மறு கரைக்குப் படும்.
பெயரிலேயே சமமில்லாத இரண்டு குழுக்கள்.

இரண்டாம் வட்டத்தில் பத்தொன்பது பேர்.
ஒருத்தி குவைத்தில்.
ஒருத்தி மகளின் பேறுக்கு வாழைச்சேனையில்.
நேசம்மா,
மாசி பதினொன்று, விடியப்புறம், கிணற்றடி.
வேலி வருவதற்கு மூன்று கிழமை முன்.

பூச்சியம் ஒன்று கழிந்தால் சராசரி ஏறும்.
அஞ்சாம் வகுப்புக் கணக்கு.
நீல நிறத்தில் நான் கீறிய ஏற்றத்தில்
ஒரு மயிரளவு அவள் செத்தது.
அறிக்கையில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது,
பங்கேற்பாளர் இழப்பு.
எட்டுப் புள்ளி எழுத்தில், அடிக்குறிப்பாக.

திரும்பும் பாதையில்
மடிக்கணினியை முழங்காலில் வைத்துத்
தரவை ஏற்றினேன்.
விடை இல்லாத கட்டத்துக்குத்
தொண்ணூற்றொன்பது போட வேண்டும், அது விதி.
அது இரவுகள் அல்ல என்று
மென்பொருளுக்குச் சொல்லவும் வேண்டும்.
மறந்துபோனேன்.

சராசரி: பதினேழு தசம் ஆறு.
வாரத்தில் பதினேழு இரவு
படுவான்கரைப் பெண்கள் எல்லாரும்
அடித்துப்போட்டாற்போல் உறங்கினார்கள்.
குவைத்தில் ஒருத்தி தொண்ணூற்றொன்பது இரவு.
வாழைச்சேனையில், கைக்குழந்தைக்குப் பக்கத்தில்,
ஒருத்தி தொண்ணூற்றொன்பது இரவு.
நேசம்மா தொண்ணூற்றொன்பது இரவு.

வாவி நடுவில் பாதை ஊர்ந்தது.
ஆரோ மீன்பெட்டியை நகர்த்தச் சொன்னார்கள்.
துறை வரும்வரைக்கும்
அதைத் திருத்தாமல் வைத்திருந்தேன்.