கரைத்துக் குடித்தவள்

முப்பது வருடம்
கரைத்துக் குடித்திருக்கிறேன் காப்பியை.
அப்படியும் ஒன்றும் தெரியாதென்று
ஒன்பது புள்ளி இரண்டு என
டாக்டர் மூசா சர்க்கரைக் கணக்கு வாசித்த
மறுநாள் காலைதான் தெரிந்தது.

மூன்று கரண்டிச் சீனியை நிறுத்தினேன்.
டப்பாவின் சாயம் வெளுத்தது.
கருகிய வேர்,
நனைந்த அட்டைப்பெட்டி,
நாக்கோரம் ஒரு பழைய சாவி.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன்:
சிக்கரிதான் முதலில் நின்றது.
காப்பி, பெயர் கொடுத்த காப்பி,
வரிசையில் மூன்றாவது.

இத்தனை நாளும் நான் ஆசைப்பட்டது
சீனிக்கு.
அதற்குக் குடை பிடித்துக் கூட வந்திருக்கிறது
இந்தப் பழுப்புத் தண்ணீர்.

சனிக்கிழமை மருந்துக்கடை ஷிஃப்ட் முடிந்து
சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு டாக்சி மாறி
கிளென்வுட் போனேன்.
வறுக்கிற கடை.
வாசலில் நாய்க்குக்கூடத் தண்ணீர்க் கிண்ணம்.
உள்ளே எல்லாரும்
ஏதோ பரீட்சையில் தேறியவர்கள் மாதிரி
உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணில் பட்டதைக் காட்டினேன்:
கன்னங்கரேலென்று
எண்ணெய் தேய்த்து வாரிய தலைபோல
பளபளத்த கொட்டை.
சட்டையில் லுங்கெலோ என்று பெயர் தைத்திருந்த பையன்
வேண்டாம் என்று சொல்லவில்லை.
வீட்டில் எப்படிப் போடுவீர்கள் என்றான்.
கெட்டில், கரண்டி, கோபம் என்றேன்.
சிரித்தான்.
மூன்று ஜாடிகளைத் திறந்து வைத்துவிட்டு
யாருக்கோ பால் நுரைக்கப் போய்விட்டான்.

முதலாவது அந்தப் பளபளப்பு:
இறைச்சி சுட்ட மறுநாள் காலை, அடுப்பு.
அடுத்தது மலாவி:
வறுத்த கடலையின் தொலி, நல்ல பிள்ளை.
மூன்றாவது புருண்டி.
மூக்கை எடுக்க மறந்துவிட்டேன்.
கொத்தமல்லி வறுபடும் அடுப்படியில்
யாரோ ஆரஞ்சு உரித்தது போல...
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
உறையில் லிச்சி என்று போட்டிருந்தது.
டிசம்பரில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி
கொத்துக் கொத்தாய் வாங்கித் தின்கிற
டர்பன்காரியிடமா லிச்சிக் கதை?

பழக்க தோஷம், உறையைத் திருப்பினேன்.
மருந்து அலமாரியில் பதினேழு வருடம்
சாகும் தேதி பார்த்தே சலித்த கண்ணுக்கு
ஒரு பிறந்த தேதி தட்டுப்பட்டது.
செவ்வாய்க்கிழமை வறுத்தது.
நாலு நாள் குழந்தை.
பளபளப்பின் உறையைத் தேடித்தேடிப் பார்த்தேன்,
வயதைச் சொல்லவே இல்லை.

கால் கிலோ நூற்றெண்பது ராண்ட்.
மனசு அந்த நிமிடமே ஆட்டுக்கறி நிறுத்துப் பார்த்தது.
நூறு கிராம் கிடைக்குமா என்றேன்,
குரலைத் தாழ்த்தி.
கிடைத்தது.
அரைக்கவா என்றதற்கு மட்டும்
நிமிர்ந்து, வேண்டாம் என்றேன்.
கையால் சுற்றும் மில் ஒன்று
வெரூலத்தில் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில்
அறுபது ராண்டுக்கு ஏற்கெனவே எடுத்தாயிற்று.

ஆறரைக்குக் கரண்ட் போனது, அட்டவணைப்படி.
காஸில் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் மில்.
ரோடு போடுகிறாயா என்று
சோபாவிலிருந்து கேட்டான் தவநேசன்.

முதல் மடக்கு, புளிப்பு.
ஏமாந்தேன் என்று நினைத்தேன்.
இரண்டாவது, வெறும் சூடு.
கோப்பையை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனவள்
மறந்தே போனேன்.
கரண்ட் வந்த பிறகு
ஆறிக் கிடந்த மிச்சத்தைக் கொட்ட எடுத்து
கொட்டாமல்
சிங்க் அருகில் நின்றபடி குடித்தேன்.

லிச்சி இல்லை.
லிச்சித் தோலைப் பல்லால் கிழிக்கையில்
வருமே ஒரு கசப்பு, அது.
அதன் பின்னால்
ஒரு துளி.

எனக்கும் கொடு என்றான்.
கொடுத்தேன்.
கண்டென்ஸ்ட் மில்க் ஊற்றி, சீனியும் இரண்டு கரண்டி போட்டு
பரவாயில்லையே என்றான்.
டப்பாவையே கொடுத்திருக்கலாம்.

எழுபது கிராம் மிச்சம்.
உறையின் வாயை இரண்டு மடிப்பு மடித்து
துணி கிளிப் ஒன்றைக் கவ்வவிட்டு
அவன் எந்தக் காலத்திலும் திறக்காத இடத்தில்,
என் மாத்திரைப் பெட்டிக்குள்
வைத்திருக்கிறேன்.