நிகர எடை

காலி லாரி ஏறி நிற்கும். ஓர் எண்.
சுண்ணாம்புக்கல் ஏற்றித் திரும்பி வரும். இன்னோர் எண்.
பெரியதில் சின்னதைக் கழித்தால்
எங்கள் ஊர்.

தாழையூத்துக்கு வடக்கே, மானூர் போகிற தடத்தில்
ஏழாம் குழியின் வாசலில் என் தகரக் கொட்டகை.
தாழையை நான் பார்த்தது டவுன் பூக்கடையில், வெறும் மடலாக.
ஊத்து இருக்கிறது.
இருநூறு அடிக்குக் கீழே, குழியின் அடியில்.
மூன்று மோட்டார் வைத்து
ராவும் பகலும் இறைத்துத் தள்ளுகிறார்கள்,
கல் நனையக் கூடாதாம்.

ஆனி பிறந்தால் மேற்கே மலை கறுக்கும்.
குற்றாலத்தில் தலையில் துண்டோடு ஆள் நெரியும்.
எங்களுக்கு வருவது காற்று மட்டும்,
துவைத்துப் பிழிந்து உதறிய வேட்டி மாதிரி,
ஒரு சொட்டு இல்லாமல்.
அந்த இரண்டு மாதமும் எண் நிலைக்காது.
பதினெட்டாயிரத்து நானூறு, நானூற்றிருபது, மறுபடி நானூறு.
மைதீன் பிச்சை வண்டியிலிருந்து எட்டிப் பார்ப்பான்:
“ஆவுடையக்கா, காத்தையும் சேத்துத்தான் விக்கியளோ?”
காற்று மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில்
பொத்தானை அமுக்க வேண்டும்.
சம்பளம் அதற்குத்தான்.

ஐப்பசியில் வேறு கணக்கு.
மழை பெய்கிற நாலைந்து நாளும் கல் கனக்கும்.
ஈரக் கழிவு, நூற்றுக்கு மூன்று வெட்டவும் என்று
ஆபீசிலிருந்து சீட்டு வரும்.
வருசம் பூரா அண்ணாந்து கிடந்து
வந்து சேர்ந்த மழையை
நானேதான் கழித்து எழுதுகிறேன்.

மதியம் ஒன்றுக்கு வெடி.
சிவப்புக் கொடியோடு தவசிக்கனி ரோட்டை மறிப்பார்.
மினிபஸ் நிற்கும், கிடை ஆடு நிற்கும்,
சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகிறவள்
தட்டை இடுப்பில் மாற்றிக்கொண்டு நிற்பாள்.
சங்கு மூன்று தரம்.
தரை ஒருமுறை தோளைக் குலுக்கும்.
உடைமரத்து வெள்ளைத் தூசி இறங்குமுன்னே
விட்ட பேச்சை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு
எல்லோரும் போய்விடுவார்கள்.
என் திரையில்தான்,
யாரும் ஏறாத மேடையில்,
அறுபது கிலோ வந்து ஒரு நொடி நின்று போகும்.

யாரது என்று முதல் மாதம் பயந்திருக்கிறேன்.
இப்போது அதைப் பார்த்துத்தான் சோற்றுச் சட்டியைத் திறக்கிறேன்.

ஆறாம் குழியில் கல் தீர்ந்து ஒன்பது வருசம்.
மோட்டாரை எடுத்துவிட்டார்கள்,
பச்சையாய்த் தண்ணீர் நிற்கிறது, மீன்கொத்திகூட வருகிறது.
இந்த மாசியில் டேங்கர் வர ஆரம்பித்தது.
காலி, பாரம், கழித்தல், எல்லாம் கல்லுக்குப் போட்ட அதே சீட்டு.
சரக்கு என்ற கட்டத்தில்
தண்ணீர் என்று எழுதப் போய் பேனா கொஞ்சம் நின்றது.
குடம் எட்டு ரூபாய் என்று எங்கள் தெருவிலேயே இறக்குகிறார்கள்.
எங்கள் கிணறு வற்றியது
ஆறாம் குழி ஆழம் போன வருசம்.
அதைச் சீட்டில் எழுத கட்டம் கிடையாது.
நாலு குடம் வாங்கினேன். முப்பத்திரண்டு ரூபாய்.
ருசி, சத்தியமாக, பழைய ருசிதான்.

நேற்று அங்கன்வாடி பூட்டியிருந்தது.
உலகம்மையைக் கொட்டகைக்குக் கூட்டி வந்தேன்.
லாரி இல்லாத நேரம் பார்த்து மேடையில் ஏறி நின்றோம்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இந்த மேடை,
அதற்கு உள்ளே உள்ளதெல்லாம் அதற்குத் தூசி.
ஆஸ்பத்திரித் தராசில் நான் ஐம்பத்துநாலு, அவள் பன்னிரண்டு.
நான் மட்டும் நின்றேன்: அறுபது.
அவளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்: அறுபது.
இறக்கிவிட்டேன். தூக்கினேன்.
அவளுக்கு அது விளையாட்டு, இன்னொரு தடவை என்றாள்.

பின்னால் மைதீன் பிச்சை ஆரன் அடிக்கிறான்.
முழு லோடு.
இரு வே, இறங்குகிறோம்.