இருபத்தொன்றும் சொச்சமும்

இந்த ஊரில் ஓடுகிறவர்களுக்கு
ஒரே ஒரு காரணம்தான் உண்டு.
கையில் ரத்தப்பை இருக்கும், இல்லையென்றால் ரசீது,
இல்லையென்றால் அறுந்துபோன ஒற்றைச் செருப்பு.
அதனால்தான் விடியாத நாலேமுக்காலுக்கு
லாட்ஜ் தெருவில் என்னைப் பார்த்தவர்கள்
சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.
பால் வண்டிக்காரர் மட்டும் கத்தினார்:
"இன்னாக்கா, நாய் தொரத்துதா?"

நாயும்தான் துரத்தியது, புரட்டாசியில்.
ஐப்பசியில் கூடவே ஓடி வந்தது.
கார்த்திகையில் படுத்தபடியே
ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது.

பதினாறு வாரத் திட்டம்
பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, காஸ் புக்கிங் எண்ணுக்குக் கீழே.
"ஓய்வு" என்று போட்ட வெள்ளிக்கிழமைகளில்
எனக்கு நைட் டியூட்டி.
அடுத்தவர் முழங்கையை நீட்டவைத்து
நரம்பு தேடுகிற வேலை.
கையை இறுக்கிக்கோங்க, மூச்சை விடுங்க,
அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.
ஆறாவது கிலோமீட்டரில் இதையே
எனக்குச் சொல்லிப் பார்த்தேன்.
என் குரலை எப்படித்தான் நம்பினார்களோ
இத்தனை பேரும்.

ஷூ ஆம்பூரில் வாங்கியது.
ஏற்றுமதியில் கழித்துக் கட்டியது, பாதி விலை.
வலது ஏழு, இடது ஏழரை மாதிரி.
மார்கழி பிறந்த வாரம்
இடது பெருவிரல் நகம் கறுத்துக் கழன்றது.
எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரி
தேறிய ஜோடியைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள்.
ஓடட்டும்.

"இருபத்தோரு கிலோமீட்டர்னா
கிட்டத்தட்ட ஆற்காடு. பஸ்ஸு கீதே எப்சிபா"
என்றார் ஜெபராஜ்.
சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டு,
அலாரத்தை அவரே வைத்தார்.

அகழியோரம் சுற்று ஓடும்போதுதான் அவரைப் பார்த்தேன்.
குரங்குத் தொப்பி, மடியில் பிளாஸ்க்,
தினமும் அதே சிமெண்ட் பெஞ்ச்.
நான் மூச்சிரைக்க நின்றதும் எழுந்து வந்து
அவர் மொழியும் என் மொழியும் சேராத ஓர் இந்தியில்
"யார் அட்மிட்?" என்று கேட்டார்.
யாருமில்லை, சும்மா, என்றேன்.
சும்மாவுக்கு இந்தியில் என்ன?
நெஞ்சைத் தொட்டு, கையை விரித்து,
ஏதோ காட்டினேன். சிரித்தார்.
மறுநாளிலிருந்து என் சுற்றுகளை அவர் எண்ணினார்,
கட்டைவிரலை ஒவ்வொரு கணுவாக நகர்த்தி.
நான் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டுவார்.
ஒருநாள் ஏமாற்றப் பார்த்தேன். விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்ச் காலி.

டிஸ்சார்ஜ் ஆகியிருக்கலாம்.
என் வேலையில் இதற்கு மேல் யோசிக்கக் கூடாது.
கம்ப்யூட்டரில் தேடலாம், பெயர் தெரியாது.
சங்கு வளையலை மேலே தள்ளிவிட்டு
நான் ஊசி போட்ட கைகளில் ஒன்று
அவர் மனைவியுடையதாக இருந்திருக்கும்.
இல்லாமலும் இருந்திருக்கும்.
அன்று எத்தனை சுற்று ஓடினேன் என்பது
வாட்சுக்குத்தான் தெரியும்.

இன்று பதினெட்டு.
காட்பாடி வரை போய்ப் பாலாற்றுப் பாலத்தில் திரும்பி வருகிறேன்.
ஆறு ஓடாத ஊர் என்று கேலி பேசுவார்கள்.
இந்த வருஷம் மணலுக்கு நடுவே
ஒரு முழம் அகலத்துக்கு ஏதோ நகர்கிறது,
என் வேகம்தான் இருக்கும்.
லாரி ஒன்று முகத்தில் தூசியடித்துவிட்டுப் போக
ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு ஹாரன்.
வடக்கே போகிற வண்டியா, தெரியவில்லை.

தை கடைசி ஞாயிறுக்கு இன்னும் மூன்று வாரம்.
மூன்று கிலோமீட்டர் பாக்கி, அப்புறம் அந்தச் சொச்சம்:
தொண்ணூற்றேழரை மீட்டர்.
ரத்த வங்கிக் கண்ணாடியிலிருந்து
ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை
கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.
அந்த வராந்தாவில் சேலை தடுக்கத் தடுக்க
ஓடிய பெண்களை எனக்குத் தெரியும்.
அவர்களுக்கு யாரும் பதினாறு வாரம் கொடுக்கவில்லை.

விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வருகிறேன்.
எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை,
கட்டைவிரல் தானாக
சுண்டுவிரலின் இரண்டாம் கணுவில் நிற்கிறது.