பார்த்ததை மட்டும் எழுதுக

ஷார்ஜா, அல் நஹ்தா.
லாண்டரிக்கு மேல்மாடியில்
இரவு எட்டு மணிக்கு எங்கள் வகுப்பு.
பகலெல்லாம் மூன்று வயதுகள் உட்கார்ந்த நாற்காலிகளில்
நாங்கள் உட்காருவோம்.
முழங்கால் மோவாயைத் தொடும்.
பதினோரு வருடம் கார்கோ கம்பெனியில்
இன்வாய்ஸ் அடித்தவள் நான்.
பக்கத்தில் மரிசெல், எதிரே ஷைனி,
கதவோரம் எப்போதும் தாமதமாக வரும் இஹ்ஸான்.

முதல் வாரம் பொம்மைக்கு டயப்பர் மாற்றினோம்.
பொம்மைக்கு ஒரு கை இல்லை.
இருக்கிற கையைத் தொடுமுன்
'தூக்கப் போகிறேன்' என்று
அதனிடம் சொல்ல வேண்டும்.
சொல்லாததற்கு எனக்கு இரண்டு மார்க் போனது.
என் பையனை ஒருதரம்கூட
நான் கேட்டுத் தூக்கியதில்லை.

மூச்சு நின்ற குழந்தைக்கு
நெஞ்சின் நடுவில் இரண்டு விரல்.
முப்பது வரை எண்ணி அழுத்த வேண்டும்.
எல்லோரும் ஆங்கிலத்தில்தான் தொடங்கினோம்.
பத்தைத் தாண்டியதும்
மரிசெல் தகலாகுக்குப் போனாள்,
ஷைனி மலையாளத்துக்கு,
இஹ்ஸான் அரபிக்கு.
பதினேழு, பதினெட்டு என்று
யாரோ கத்துவது கேட்டது. நான்தான்.
ரப்பர் நெஞ்சு
எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அமுங்கியது.

மணல் தொட்டிக்கு மணல்
மூட்டையில் வந்தது, விலைக்கு.
கழுவிய மணல், சலித்த மணல்.
ஜன்னலுக்கு வெளியே
ஊர் முழுக்கச் சும்மா கிடக்கிறது.
சிரித்தேன்.
ரசீதைக் கோப்பில் வைக்கச் சொன்னார்கள்.
வைத்தேன்.

ஒரு குழந்தை ஜிப் போட
நாலு நிமிடம் எடுத்தால்
நாலு நிமிடமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
இதற்கொரு பரீட்சை வைத்தார்கள்.
வகுப்பில் பாதிப்பேர் பெயில்.
எல்லோரும் தாய்மார்கள்.

பிறகு கவனிப்புக் குறிப்பு.
பத்து நிமிடம், ஒரு குழந்தை, ஒரு பேனா.
'மாஜித் கோபக்காரன். யாரோடும் சேரமாட்டான்'
என்று எழுதிக் கொடுத்தேன்.
சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு வந்தது.
ஓரத்தில்:
கோபத்தை எங்கே பார்த்தீர்கள்?
பார்த்ததை மட்டும் எழுதுக.

மறுநாள் எழுதினேன்.

9.10 நீலக் கட்டையை எறிந்தான்.
9.11 போய் எடுத்து வந்தான். எறிந்தான்.
9.13 எடுத்து வந்து காதருகே ஆட்டினான்.
9.14 எறிந்தான். விழும் இடத்தைப் பார்க்கவில்லை.
கண்ணை மூடியிருந்தான்.

இவன் சத்தம் சேர்க்கிறான் என்று
எழுதப் போன கையை நிறுத்தினேன்.
அதுவும் நான் பார்க்காததுதான்.

வீடு வரப் பதினொன்றாகும்.
பையன் பதினொன்றாம் வகுப்பு,
என்னைவிட ஒரு சாண் உயரம்.
பேசுவதில்லை.
திமிர் என்பார் அவன் அப்பா.
வயசு என்பேன் நான்.
போன்தான் காரணம் என்பாள்
திருவாரூரிலிருந்து, போனில், அவன் அத்தை.
நேற்று மளிகைச் சீட்டின் பின்பக்கம்
முதன்முறையாக எழுதினேன்.

11.20 ஃப்ரிட்ஜைத் திறந்தான். மூடினான்.
11.22 மறுபடி திறந்தான். எதையும் எடுக்கவில்லை.
11.23 திறந்தபடியே நின்றான். முகத்தில் வெளிச்சம்.
மீசை இருக்கிறது.
11.25 'சாப்ட்டியா?' என்றான்.

யாரைக் கேட்டான் என்று திரும்பிப் பார்த்தேன்.
சமையலறையில் வேறு யாருமில்லை.

குழந்தையின் கண்மட்டத்துக்கு வா என்று
முட்டி போடச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.
இவனுக்கு நான் ஸ்டூலில் ஏற வேண்டும்.
ஏறவில்லை.
'இல்லடா' என்றேன்.

11.31 இரண்டு முட்டை உடைத்தான்.
ஒன்றில் ஓடு விழுந்தது.
விரலால் எடுக்கப் பார்த்தான்.
நழுவியது.
மறுபடி.
நழுவியது.

சீட்டையும் பேனாவையும் மேடைமேல் வைத்துவிட்டு
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.