தயிரில் ஞானஸ்நானம்

கலமாரியா தனிமை முகாம், தெசலோனிக்கி, 1924

கப்பலிலிருந்து இறங்கியதும் தலையை மழிக்கிறார்கள்.
துணிகளைக் கொப்பரையில் வேகவைக்கிறார்கள்.
என் வேலை எளிது:
பெயர், ஊர், மதம். மூன்று கட்டங்கள்.
குருமடத்தைப் பாதியில் விட்டவனுக்கு
அரசாங்கம் கொடுத்த பேனா.

மக்ரீனா தெமிர்ஜோக்லு. நீக்தே பக்கத்து ஊர்.
வெந்து சுருங்கிய கோட்டு
முழங்கையோடு நின்றுவிட்டது.
மதம்?
சிலுவை போட்டுக்கொண்டு
"அல்லாவுக்கு நன்றி, கிறிஸ்தவள்" என்றாள்
துருக்கியில்.
அவளுக்கு வேறு மொழி கிடையாது.

வேலிக்கு அப்பால் ரொட்டி விற்பவன் துப்பினான்:
துருக்கி விதை.
தயிரில் ஞானஸ்நானம் வாங்கினதுகள்.

என்ன சொல்கிறான் என்று கேட்டாள்.
சொன்னேன். வேறென்ன செய்ய.

"அங்கே கியாவூர். இங்கே தயிரா?
கியாவூர் என்றாலாவது ஏதோ அர்த்தம் இருக்கும்.
தெரியுமா உனக்கு?"

படித்தது வீண்போகலாமா?
பாரசீகத்திலிருந்து நடந்து வந்த சொல் அம்மா,
முதலில் நெருப்பை வணங்கியவர்களைச் சுட்டது,
பிறகு கையில் அகப்பட்டவர்களையெல்லாம் சுட்டது என்பார்கள்.
இல்லை, அரபுக் காஃபிர்தான் தேய்ந்தது என்பாரும் உண்டு.
காஃபிர் என்றால் மூடுகிறவன்.
உண்மையை மூடுகிறவன்.
அதற்கும் முன்னால்
விதையை மண்ணால் மூடுகிறவன்;
வெறும் உழவன்.

சற்று நேரம் பேசவில்லை.
பின்னால் வரிசை முனகியது.

"என் அப்பா கொண்டைக்கடலை போடுவார்.
குதிகாலால் மூடிக்கொண்டே போவார்.
பக்கத்து வயல் ஹுர்ஷித்தும் அப்படித்தான் மூடுவான்,
அதே குதிகால், அதே வெடிப்பு.
ஆனால் ஹுர்ஷித்தான் அவரைக் கியாவூர் என்பான்.
கலப்பை இரவல் கேட்கும்போதுகூட."

சிரித்தாள். பிறகு கேட்டாள்:
"நீங்கள் யார்? உங்களுக்கு என்ன பெயர்?"

எல்லீன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
நாக்கு ஒட்டிக்கொண்டது.
குருமடத்து ஏடுகளில் எல்லீன் என்றால்
சிலைக்குக் கிடாய் வெட்டுகிறவன்,
நீரும் எண்ணெயும் படாத தலை.
என் பாட்டன் காலத்துக்கு முன்னால்
யாரையாவது அப்படி அழைத்திருந்தால்
கத்தி உறையில் இருந்திருக்காது.
இன்று அதுதான் கடவுச்சீட்டில் முதல் வரி.

துறைமுகத் தெருவில் தேசிய வங்கி இருக்கிறது.
அந்தத் 'தேசிய'த்தை நற்செய்தியில் தேடிப் பாருங்கள்,
அஞ்ஞானி என்று இருக்கும்.
போன செவ்வாய்க்கிழமை
பேராயர் அதன் படியேறிப் போனதை
நானே பார்த்தேன்.
கணக்கு வைத்திருக்கிறார்.

இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை.
மூன்றாம் கட்டத்தில் 'ஆர்த்தடாக்ஸ்' என்றெழுதி
மை காயுமுன்
பதிவேட்டை மூடினேன்.

போனவள் திரும்பி வந்தாள்.
வேலியைக் காட்டினாள்:
"அவனைக் கேள்,
அந்தத் தயிர் எங்கே விற்கிறது?
பதினெட்டு நாளாய்
கப்பல் பிஸ்கோத்துதான்."