ஒரு அட்டை மீதி

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு வரச் சொல்வார்கள்.
பத்தேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள்.
இடையில் கிடக்கும் ஒன்றரை மணி நேரம்தான்
இந்த வாரத்திலேயே உருப்படியானது.
பக்கத்து நாற்காலியிடம் ஊர் கேளுங்கள்.
"செக்கானூரணியா? எந்தப் பக்கம்?" என்று தொடங்கினால்
பத்து நிமிஷத்தில்
இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மாமா வந்துவிடுவார்.

பெற்றோரைப் பதினொரு மணிக்குப் போகச் சொல்வார்கள்.
போக மாட்டார்கள்.
சைக்கிள் ஸ்டாண்டு வேம்புக்குக் கீழே
சோற்றுப் பையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.
தெரியாத மாதிரி கடந்துபோக வேண்டாம்.
போன வருஷம் நான் போனேன்.
"தண்ணி பாட்டில விட்டுட்டுப் போறியேம்மா" என்று
வேதியியல் கட்டடம் வரை கத்திக்கொண்டே வந்தார் அப்பா.

முதல்வர் இங்கிலீஷில் பேசுவார்.
புரியாவிட்டால், முன்வரிசை கைதட்டும்போது தட்டுங்கள்.
முன்வரிசையும் மேடையைப் பார்த்துத்தான் தட்டுகிறது.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் நகல் இரண்டு கேட்பார்கள்,
நாலு கொண்டுவாருங்கள்.
வாசல் ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இருக்கும் நாளில்
பேப்பர் இருக்காது.
ராகிங் செய்ய மாட்டேன் என்று
ராகிங்குக்குப் பயந்துகொண்டே கையெழுத்துப் போடுவீர்கள்.
நூலகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், கண்ணாடிக்கு வெளியே.
நாகமலையிலிருந்து இறங்கிவரும் மயில்
இரண்டாவது மாடி வராந்தாவில் நிற்கும்.
போனை எடுக்கிறவர்கள் முதல் வருஷம்.
"ஏய், போ" என்கிறவர்கள் நாங்கள்.

புதன்கிழமை மேடையேறிப் பேர் சொல்ல வேண்டும்.
இதற்குத்தான் எல்லோரும் பயப்படுவீர்கள்.
இந்த வருஷம்
உசிலம்பட்டி பஸ்ஸில் வருகிற ஒருத்தி
மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு
"ஓவியா" என்றாள்.
தெளிவாகச் சொன்னாள்.
மத்தியானச் சாப்பாட்டுக்குள்
"ஏ ஓவியா, ஊறுகா இருக்கா?" என்று
மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அடையாள அட்டை.
கொடுக்கிற வேலை எனக்கு.
'தன்னார்வலர்' என்று ஊக்கு குத்தி அனுப்பியிருந்தார்கள்.
நாற்பத்தெட்டு நீல நாடா.
வாசிக்க வாசிக்க வந்து வாங்கினார்கள்,
வாங்கிய இடத்திலேயே நின்று
தன் முகத்தைத் தானே திட்டினார்கள்.

கடைசியில் ஒன்று மீதி.
த. ஒச்சம்மாள்.
மூன்று தடவை கூப்பிட்டேன்.
"ஆத்தாடி, யாருக்குடா இந்தப் பேரு" என்றான் ஒருத்தன்,
அந்த வரிசையே சிரித்தது.
ஓவியா தன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அட்டையில் இருந்தது அவள் முகம்,
கண் மூடியிருந்தது.

வரவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் தேனி ரோட்டில்
லாரிப் புழுதிக்குள் தனியாக நின்றாள்.
அட்டையைக் கவிழ்த்து நீட்டினேன்.
வாங்கினாள். திருப்பினாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பேர் மாற்ற எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று
கேட்பாள் என நினைத்து
அலுவலகம், மூன்றாவது ஜன்னல், வைரமணி சார் என்று
பதிலை அடுக்கி வைத்திருந்தேன்.

"ஏக்கா,
நான் கண்ண மூடுற வரைக்கும்
காத்துக்கிட்டே இருந்திருப்பானோ அந்தப் போட்டோக்காரன்?
இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு
மூணு வருஷம் எப்படிக்கா?"

சிரித்தேன். அவளும் கொஞ்சம்.
பஸ் வந்துவிட்டது.
முண்டியடித்து ஏறினாள்.
நாடாவில் அட்டை திரும்பிக்கொண்டு
முகமும் பேரும் உள்பக்கம்,
வெளியே கல்லூரி முகவரி, ரத்த வகை பி பாசிட்டிவ்.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் நினைவு வந்தது.
திங்கட்கிழமையிலிருந்து
வகுப்பில் பேரே வாசிக்க மாட்டார்கள்,
நம்பர்தான்.
அவள் முப்பத்தி நாலு.
இதை நான்
புதன்கிழமை காலையிலேயே சொல்லியிருக்கலாம்.